வேப்பெண்ணெய்: கொச்சியிலிருந்து கோலாலம்பூர் வரை



கேரளாவுக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் குழம்புவது வேப்பிலையில்தான். காய்கறிக் கடையில் போய் "வேப்பிலை" என்று கேட்டால் கறிவேப்பிலைக் கொத்தை எடுத்து நீட்டுவார்கள். இங்கே கறிவேப்பு வேறு, ஆரியவேப்பு வேறு. கறிவேப்பு நாம் தாளிக்கப் போடுவது. ஆரியவேப்புதான் நம்ம ஊர் மாரியம்மன் கோயில் வேம்பு. களமசேரி மாதிரி மழை கொட்டுகிற இடத்தில் வேம்பு தானாக முளைத்துக் காடாகாது. யாராவது ஆசையாக வீட்டு முன்னால் ஒன்று வைத்து வளர்த்திருப்பார்கள். நம் தெற்குச் சீமைக் கரிசல் காட்டில் வரப்புக்கு ஒன்று நிற்கிற மரத்துக்கு இங்கே அத்தனை மரியாதை :-)

இந்த இரண்டு பெயரும் 300 வருஷத்துக்கு மேல் பழைய ஒரு புத்தகத்திலும் இருக்கின்றன. இரண்டு மரமும் ஒரே பாகத்தில், தனித்தனிப் பெயரோடு, தனித்தனிப் படத்தோடு. அந்தப் புத்தகம் உருவான இடம் இதே கொச்சி. பெயர் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. 'மலபார் தோட்டம்' என்று அர்த்தம்.

நான் வங்கிக்காரன். படித்தது பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் வெளியூரில், வெளிநாட்டில் பிள்ளை குட்டியோடு இருக்கிற நம்மவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு வேப்பெண்ணெய் பாட்டில் இருக்கிறது. அந்த எண்ணெயின் சரித்திரத்தில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு பக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொச்சியில் எழுதப்பட்ட சான்றிதழ்

மட்டாஞ்சேரி பஜார் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். மிளகு, சுக்கு, ஏலக்காய் வாசனையோடு 'அங்ஙாடி மருந்து' கடைகளும் இருக்கும். நம் பக்கத்து நாட்டு மருந்துக் கடைதான் அது. இந்த வாசனைக்காகத்தான் போர்த்துக்கீசியர் வந்தார்கள். 1663-ல் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள். அந்த டச்சுக் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் நம் தமிழ் வண்ணார் குடும்பங்களின் வாரிசுகள் இன்றும் ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறார்கள். பிழைப்புக்காகக் கொச்சிக்கு வந்த தமிழர்களில் நாம் ரொம்பப் பிந்தி வந்தவர்கள்!

சரி, விஷயத்துக்கு வருவோம். 1670-களில் டச்சுக் கம்பெனியின் மலபார் தளபதியாக இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். அப்போது கம்பெனியின் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் மருந்து ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும். மாதக்கணக்கில் கடலில் கிடந்து வீரியம் போய்த்தான் வந்து சேரும். அதில் சில சரக்கு இங்கிருந்தே போய், அங்கே விலை ஏறி, மறுபடி இங்கேயே வருவது! கணக்கு தெரிந்த எவனுக்கும் வயிறு எரியும். உள்ளூர் மருந்தை உள்ளூரிலேயே தெரிந்துகொள்வோம் என்று வான் ரீட் முடிவு செய்தார். கூடவே, இலங்கையைவிட மலபார்தான் கம்பெனிக்கு மதிப்பு மிக்கது என்று மேலிடத்துக்கு நிரூபிக்கும் ஆசையும் அவருக்கு இருந்தது.

வேலை நடந்த விதம் பிரமிப்பாக இருக்கும். காடு மேடெல்லாம் போய்ச் செடி பறித்துவர ஆட்கள், பறித்தது வாடுமுன் வரைய ஓவியர்கள், விவரம் சொல்ல உள்ளூர் வைத்தியர்கள், எழுதிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர்கள். மலையாளத்தில் சொன்னதைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதி, அதிலிருந்து கடைசியில் லத்தீனுக்குக் கொண்டுபோனார்கள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 பாகங்களாக அச்சாயிற்று. மொத்தம் 742 தாவரங்கள். வான் ரீட் கடைசிப் பாகங்களைப் பார்க்கவில்லை. 1691-ல் கப்பலிலேயே இறந்து, சூரத்தில் அடக்கமானார்.

அந்த வைத்தியர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன். சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்று மூன்று கொங்கணி அந்தணர்களும் உதவினார்கள். 1675 ஏப்ரலில் இவர்கள் எல்லாரும் தத்தம் எழுத்தில் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள். அது முதல் பாகத்திலேயே அச்சாகியிருக்கிறது. மரம், செடி, கொடிகளின் பெயரையும் மருத்துவ குணத்தையும், சுவடியில் உள்ளபடியும் தன் அனுபவத்தில் கண்டபடியும் சொன்னேன் என்பது இட்டி அச்சுதனின் சான்று.

எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்த இடமே இதுதான். வங்கியில் நாங்கள் ஒரு கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் நகர்த்த மாட்டோம். இட்டி அச்சுதனும் "பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்று பொதுவாக நிறுத்தவில்லை. யார் சொன்னது, எந்த ஆதாரத்தில், எந்தத் தேதியில் என்று பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போட்டார். புத்தகத்தின் வரிசையும் அப்படித்தான். வேர், பட்டை, இலை, பூ, காய் என்று மரத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விவரிக்கிறது. ஒரு மரம் என்பது ஒரே மருந்து இல்லை என்பது அந்த ஆட்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்படி உழைத்துச் சொன்ன விவரம் சொன்னவர்களின் சந்ததிக்குப் படிக்கக் கிடைக்கவில்லை என்பது சோகம். லத்தீனில் இருந்ததால் பெயரளவில்தான் தெரியும். தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் பல பத்தாண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் ஆங்கிலத்திலும் 2008-ல் மலையாளத்திலும் வெளியிட்டது. 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2025 ஜனவரி 1 அன்று அவர் காலமானார்.

மரம் ஒன்று, சரக்கு பல

வேம்புக்குப் பெயர்கள் நிறைய. சமஸ்கிருதத்தில் நிம்பம், சிங்களத்தில் கொஹொம்ப, மலாயில் செமாம்பு. போர்த்துக்கீசியர் கசப்பு என்ற அர்த்தத்தில் 'அமர்கோசா' என்று சொல்ல, அதுவே ஆங்கிலத்தில் 'மார்கோசா' ஆயிற்று. தாவரவியல் பெயரான 'அசாடிராக்டா இண்டிகா' பாரசீகத்திலிருந்து வந்தது. ஆசாத் திரக்த் என்றால் சுதந்திர மரம்.

நம் வீட்டு வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். சித்திரை முதல் நாள் வேப்பம்பூப் பச்சடி, மற்ற நாளில் வேப்பம்பூ ரசம். குச்சி பல் துலக்க. இலை அம்மை போட்ட வீட்டு வாசலில், பிறகு தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது அண்டாவில். எண்ணெய் விளக்குக்கு, சிரங்குக்கு, மாட்டுப் புண்ணுக்கு. புண்ணாக்கு வயலுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனி இடம். வேப்பெண்ணெயை யாரும் ரசத்தில் ஊற்றியதில்லை!

விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. வேம்பின் கசப்புச் சரக்குகளைப் பிரித்தெடுத்துக் காட்டியவர்களில் முன்னோடி சலிமுஸ்ஸமான் சித்திகி. 1942-ல் வேப்பெண்ணெயிலிருந்து நிம்பின், நிம்பிடின் போன்றவற்றைப் பிரித்தார். 1959-ல் சூடானில் வெட்டுக்கிளிக் கூட்டம் எல்லாவற்றையும் மொட்டையடித்தபோது வேப்பமரங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனதை ஜெர்மன் விஞ்ஞானி ஹைன்ரிச் ஷ்முட்டெரர் கவனித்தார். 1968-ல் விதையிலிருந்து அசாடிராக்டின் பிரிக்கப்பட்டது. பூச்சியைத் தின்னவிடாமலும் வளரவிடாமலும் செய்வது அதுதான். அது விதையில்தான் அதிகம். அதாவது எண்ணெய் ஆட்டுகிற பகுதியில்.

பல்லுக்கு நல்லது என்பதிலும் விஷயம் இருக்கிறது. வேப்பிலைச் சாறு கலந்த பசையை வைத்து மணிப்பாலில் ஆறு வாரம் சோதித்து, பல் கறைப்படிவு குறைந்ததாக 2004-ல் எழுதினார்கள். ஆனால் அம்மைக்கு வேப்பிலை மருந்தா என்றால், பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசிதான். இந்தியாவில் 1975-க்குப் பிறகு அது இல்லை. வேப்பிலை கட்டியதால், வீட்டில் நோயாளி இருக்கிறார், உள்ளே வராதே என்று ஊருக்குத் தெரிந்தது. அது சின்ன உதவி இல்லை.

எல்லாருக்கும் தெரிந்த கதை, யாருக்கும் தெரியாத கதை

எல்லாருக்கும் தெரிந்த கதை காப்புரிமைக் கதை. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து, வேப்பெண்ணெயைக் கொண்டு செடிகளில் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் பசுமைக் கட்சியினர், இயற்கை விவசாய அமைப்புகளின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்தார்கள். இந்தியாவில் முன்பே செய்து பார்த்த விஷயம் என்று சாட்சி சொல்ல இங்கிருந்து ஆள் போனார்கள். 2000 மே மாதம் காப்புரிமை ரத்து. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடி. நமக்கெல்லாம் பெருமை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த வழக்கில் நாம் ஜெயித்தது எதற்காக? வேப்பெண்ணெய் செடியில் உள்ள பூஞ்சையைக் கொல்லும் என்பது எங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்காக. அதை வாயில் ஊற்றலாம் என்று எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

யாருக்கும் தெரியாத கதை அதற்கு 13 வருஷம் முந்தியது. களம் கோலாலம்பூர். மலேசியா நம்மவர்கள் தோட்ட வேலைக்குப் போய்ப் பல தலைமுறையாக வாழ்கிற நாடு. கோயிலோடு வேம்பும் போயிற்று, வேப்பெண்ணெய் பாட்டிலும் போயிற்று. சளி, இருமல், வயிற்றுப் பூச்சி என்று குழந்தைக்குச் சின்ன உபாதை வந்தால் வீட்டில் வேப்பெண்ணெய் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்த சில மணி நேரத்தில் கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வேக மூச்சு, வலிப்பு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்து, மூளை வீங்கி... சில குழந்தைகள் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களிலும் சிலருக்கு மூளைப் பாதிப்பு நின்றுவிட்டது.

டாக்டர்கள் சின்னையா, பாஸ்கரன் இருவரும் இதை 1981-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். 'ரை' என்ற நோயைப் போலவே இது இருக்கிறது, காரணம் வேப்பெண்ணெய் என்பது அவர்கள் கண்டது. இது 1963-ல் ஆஸ்திரேலிய மருத்துவர் டக்ளஸ் ரை விவரித்த நோய். வேப்பெண்ணெய் கொடுத்த ஆய்வக விலங்குகளிலும் அதே மாதிரி பாதிப்பு வந்ததை 1985-ல் காட்டினார்கள். உடம்பின் அணுக்களுக்குள் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவை எண்ணெய் கெடுக்கிறது. சின்ன ஈரலால் தாங்க முடிவதில்லை.

"மலேசியாக்காரர்கள் முறை மறந்துபோய்க் கொடுத்திருப்பார்கள், நம் ஊரில் அப்படி நடக்காது" என்று நினைக்க வேண்டாம். 1982-ல் சென்னை மருத்துவர்களும் குழந்தைகளுக்கு வேப்பெண்ணெயால் வந்த நச்சுப் பாதிப்பை இந்தியக் குழந்தை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஊரிலும் நடந்தது. கணக்கில் வராமல் நடந்தது எவ்வளவோ.

உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட மூலிகை நூலின் மூன்றாம் பாகத்தில் வேப்பெண்ணெய்க்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது.

விரலும் ஸ்பூனும்

எங்கள் ஊரில் பேறுகாலம் பார்க்கிற ஓர் ஆச்சி இருந்தார். வேப்பெண்ணெயில் விரல் நுனியைத் தொட்டு, துடைத்துவிட்டு, மிச்சம் ஒட்டியிருப்பதைக் குழந்தையின் நாக்கில் வைப்பார். அவ்வளவுதான். அதுகூடத் தேவையில்லை என்றுதான் இன்றைய மருத்துவம் சொல்லும், நானும் அதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆச்சியிடம் ஒரு அளவு இருந்தது. குழந்தையின் முகம் பார்த்து நிறுத்தத் தெரிந்திருந்தது.

குடும்பம் ஊரை விட்டுக் கிளம்பும்போது ஆச்சி கூட வருவதில்லை. பாட்டில் மட்டும் பெட்டியில் ஏறுகிறது. துபாயிலோ நியூ ஜெர்சியிலோ நடுராத்திரி குழந்தை வீறிட்டு அழும்போது, ஊருக்குப் போன் போட்டால் "கொஞ்சம் வேப்பெண்ணெய் கொடு" என்று பதில் வருகிறது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? விரல் நுனி இருந்த இடத்தில் இப்போது ஸ்பூன். ஒரு டீஸ்பூன் என்பது 5 மில்லி. ஐந்து கிலோ குழந்தைக்கு அது கொஞ்சமே இல்லை.

எங்கள் தொழிலில் சொல்வதானால், "வேப்பெண்ணெய் நல்லது" என்பது தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட காசோலை. யாருக்கு, எந்தப் பகுதி, எவ்வளவு, உள்ளுக்கா வெளியிலா என்று எல்லாம் நிரப்பினால்தான் அது செல்லும். மரபு மருத்துவத்தை மதிப்பது என்றால் இந்த நாலு கட்டத்தையும் சேர்த்து மதிப்பதுதான்.

"இங்கிலீஷ் மருந்து மட்டும் யோக்கியமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆஸ்பிரினும் மரத்தில் தொடங்கியதுதான். வில்லோ மரப்பட்டையைக் காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுத்த பழைய வழக்கத்திலிருந்து கிளைத்து, 1897-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனியில் உருவானது. பல பத்தாண்டுகள் குழந்தைகளுக்கும் தாராளமாகக் கொடுத்தார்கள். 1980-களில் அதே ரை நோய்க்கும் ஆஸ்பிரினுக்கும் தொடர்பு தெரிந்ததும் என்ன செய்தார்கள்? குழந்தைகளுக்கு வேண்டாம் என்று பாட்டிலிலேயே எழுதினார்கள். பிறகு அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஆஸ்பிரினை யாரும் தூக்கி எறியவில்லை, இதய நோயாளிகள் இன்றும் சாப்பிடுகிறார்கள். யாருக்குக் கூடாது என்பது மட்டும் தெளிவாயிற்று. வேம்புக்கு நாம் செய்ய வேண்டியதும் அவ்வளவே.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து

வேம்பு மாதிரியே தோற்றமுள்ள ஒரு மரம் உலகம் முழுக்கத் தெருவோரங்களில் நிற்கிறது. மீலியா அசெடராக். நம் பக்கம் இதையும் மலைவேம்பு என்பார்கள். ஆஸ்திரேலியாவில் 'வெள்ளை சீடர்', அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 'சைனாபெரி'. "அட, இங்கேயும் வேம்பு இருக்கே!" என்று ஆசையாக இலை பறித்து வருபவர்கள் உண்டு. அதன் பழம் மனிதருக்கும் பன்றி போன்ற விலங்குகளுக்கும் விஷம்.

அடையாளம் சுலபம். வேம்பில் ஒரே காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக இருக்கும். மீலியாவில் காம்பு மறுபடி கிளை பிரிந்து, அந்தக் கிளைகளில் சிற்றிலைகள் இருக்கும். வேம்பின் பூ வெள்ளை, மீலியாவின் பூ ஊதா. இலை உதிர்ந்த மரத்தில் மஞ்சள் உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் அது மீலியா. சந்தேகம் இருந்தால் பறிக்க வேண்டாம். பச்சடிக்கு இந்திய மளிகைக் கடையின் காய்ந்த வேப்பம்பூவே போதும்.

வீட்டில் என்ன செய்யலாம்

வேப்பம்பூ ரசம், பச்சடி தாராளமாகச் செய்யுங்கள். வீட்டுச் செடிக்கு, ரோஜாவுக்கு, தக்காளிக்கு வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடிக்கலாம். பெரியவர்கள் தோலில் பூசுவதானால் தேங்காயெண்ணெய் கலந்து, முதலில் கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து.

குழந்தைக்கு வேப்பெண்ணெய் உள்ளுக்கு ஒரு சொட்டும் வேண்டாம். சளிக்கும் வேண்டாம், பூச்சிக்கும் வேண்டாம். வயிற்றுப் பூச்சிக்கு டாக்டர் தரும் ஒரே ஒரு வேளை மாத்திரை போதும். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் வேப்பெண்ணெய், வேப்பிலைச் சாறு இரண்டையும் விட்டுவிடுங்கள். வேப்பெண்ணெயின் கருத்தடைக் குணத்தை இந்திய விஞ்ஞானிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் தினமும் வேப்பிலைச் சாறு குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள், சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், மோர், எலுமிச்சை என்று வைத்தியம் பார்க்காதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் நச்சுத் தகவல் மையத்தின் எண் 1-800-222-1222. ஆஸ்திரேலியாவில் 13 11 26. என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். 'நாட்டு மருந்து என்றால் திட்டுவார்' என்று மறைத்ததால் நேரம் வீணாகிப் போகக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. இரண்டு நிமிஷம்தான் ஆகும். வீட்டில் இருக்கிற வேப்பெண்ணெய் பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: 'வெளிப்பூச்சுக்கு மட்டும். குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது.' தமிழிலும் எழுதுங்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ படிக்கிற மாதிரி. கீழே தேதி போட்டு உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள். இட்டி அச்சுதன் அப்படித்தான் செய்தார்.